எண்ணெயும் தண்ணீரும் சேரும் சரக்கு
(முகக் கிரீம், லோஷன்களில் சேரும் தாவரப் பொருட்கள் – வணிகர்களுக்கு ஒரு பாடம்)



ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்த மாரமங்கலம் முதலான சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து காப்பி, மிளகு, பலா, பட்டர் புரூட், காட்டுச் சரக்கு எனப் பலவும் சேலத்திற்கு இறங்குகின்றன. இறக்கிவிட்டு மலைக்குத் திரும்பும் வண்டியில் அரிசி, பருப்புடன் முகக் கிரீம், பாடி லோஷன், லிப் பாம் பெட்டிகளும் ஏறுகின்றன. கிலோக் கணக்கில் இறங்கியது, கிராம் கணக்கில் பன்மடங்கு விலையோடு ஏறுகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்பதை வியாபாரிகளாகிய நாம் தெரிந்துகொள்ளவே இந்தப் பாடம்.

தெரிந்துகொள்வதால் என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். முன்பெல்லாம் வாடிக்கையாளர் பெயரைச் சொல்லிப் பொருளை வாங்கிச் சென்றார். இப்போது டப்பாவைத் திருப்பிப் படிக்கிறார். "ஏங்க, இது சுத்தமா செடி கொடியில செஞ்சதுங்களா?" என்று கேட்கிறார். நமக்குத் தெரியாமல் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டால், நாளை அவர் முகத்தில் தடிப்பு வந்தால் வந்து நிற்பது நம் கடை வாசலில்தான். கம்பெனிக்காரர் தூரத்தில் இருக்கிறார். நாம் அதே தெருவில் இருக்கிறோம்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

சாதாரண முகக் கிரீம் 100 கிராம் எடுத்துக்கொண்டால், அதில் 60 முதல் 80 கிராம் வரை தண்ணீர்தான். 10 முதல் 25 கிராம் வரை எண்ணெய், வெண்ணெய், மெழுகு வகை. 3 முதல் 6 கிராம் வரை எண்ணெயையும் தண்ணீரையும் பிணைத்து வைக்கும் பொருள். சில கிராம் கிளிசரின். கெடாமல் காக்கும் மருந்து 1 கிராம் அளவு. வாசனை அதிலும் குறைவு. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். ஆனால் கட்டமைப்பு இதுதான்.

இதில் எண்ணெய் வகைக்கு எமோலியன்ட் என்று பெயர். மென்மையூட்டி என்று நாம் சொல்லலாம். பிணைக்கும் பொருளுக்கு எமல்சிபையர் என்று பெயர். தமிழ்ப் பாடப் புத்தகங்களில் பால்மமாக்கி என்பார்கள். இந்த இரண்டு வேலையையும் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மென்மையூட்டி செய்யும் வேலை

நம் தோலின் மேல்படலம் செங்கல் அடுக்கியது போன்றது. செங்கல்லுக்கு நடுவே பூசிய சாந்து போலக் கொழுப்பு இருக்கிறது. பனிக்காலத்திலும், சோப்பு அதிகம் போட்டாலும் அந்தச் சாந்து குறைகிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகிறது. தோல் வெளிறி, வெடித்து, சொரசொரப்பாகிறது. எண்ணெய் தடவினால் அந்த இடுக்கு நிரம்புகிறது. மேலே மெல்லிய திரை விழுந்து ஈரம் போவது குறைகிறது. மென்மையூட்டி செய்வது இவ்வளவுதான். தோலுக்கு அது உணவு போடுவதில்லை, நிறத்தையும் மாற்றுவதில்லை. நிறம் மாறும் என்று ஒரு டப்பா சொன்னால், அந்தப் பேச்சு எண்ணெயைப் பற்றியது அல்ல.

கிளிசரின் வேறு வகை. அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். எண்ணெயைச் சோப்பாக்கும்போது அதிலிருந்து பிரிந்து வருவது. எண்ணெய் திரை போடுகிறது, கிளிசரின் ஈரம் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல கிரீம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். ஏற்காட்டுச் சுற்றுலாக் கடைகளில் யூகலிப்டஸ் தைலம் முதல் பலவகை வாசனை எண்ணெய்கள் விற்கின்றன. இவை காற்றில் பறந்துவிடும் எண்ணெய்கள். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் சிறிது நேரத்தில் கறையின்றி, அல்லது லேசான கறையோடு மறைந்துவிடும். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டால் கறை நிலைத்து நிற்கும். நிலைத்து நிற்பதே மென்மையூட்டி. வாசனைத் தைலத்தை அப்படியே முகத்தில் தடவினால் எரிச்சல்தான் மிச்சம். இரண்டும் 'எண்ணெய்' என்ற ஒரே பெயரில் விற்பதால் வரும் தொல்லை இது.

நம் பக்கத்து எண்ணெய்கள்

தேங்காய் எண்ணெய்: இதில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு. அதனால்தான் சுமார் 24, 25 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே போனால் உறைகிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் மலைக்கடைகளில் பாட்டில் முழுக்க வெள்ளையாகக் கட்டியாகி நிற்கும். "கலப்படம்" என்று சண்டைக்கு வருவோரும் உண்டு. சேலத்தில் திரவமாக விற்ற அதே எண்ணெய்தான் மலையில் உறைகிறது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும். கடும் குளிரிலும் கொஞ்சமும் உறையாத 'தேங்காய் எண்ணெய்' வந்தால்தான் நாம் யோசிக்க வேண்டும்.

விளக்கெண்ணெய்: சேலம், நாமக்கல், தர்மபுரி வட்டாரத்தில் ஆமணக்கு நெடுங்காலப் பயிர். வயல் ஓரத்திலும் ஊடுபயிராகவும் போடுவார்கள். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருப்பதே இந்தப் பயிரின் மதிப்பைக் காட்டும். முத்தில் பாதிக்குப் பாதி எண்ணெய். அந்த எண்ணெயில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம் என்ற ஒரே கொழுப்பு. வேறு எந்தச் சமையல் எண்ணெயிலும் இது இந்த அளவில் இல்லை. அதனால் விளக்கெண்ணெய் கெட்டியாக, பிசுபிசுப்பாக, பளபளப்பாக இருக்கிறது. லிப்ஸ்டிக்குக்கு இது பிரதானச் சரக்கு. ஆனால் ஒரு எச்சரிக்கை: ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற நஞ்சு இருக்கிறது. அது எருவுக்குத்தான், மாட்டுக்கு அல்ல. எண்ணெயில் அந்த நஞ்சு இறங்குவதில்லை.

இலுப்பை எண்ணெய்: கோயில் விளக்குக்கு எரித்த எண்ணெய். பருப்பில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. குளிரில் நெய் போல உறையும். இதை எண்ணெய் என்பதைவிட வெண்ணெய் என்பதே பொருந்தும். இப்போது அழகுசாதன உலகில் 'ஷியா பட்டர்' என்ற பெயர் எல்லா டப்பாவிலும் இருக்கிறது. கானா, புர்கினா ஃபாசோ, மாலி முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் பெண்கள் பொறுக்கி எடுக்கும் கொட்டையிலிருந்து வருவது அது. அந்த மரமும் நம் இலுப்பையும் ஒரே தாவரக் குடும்பம். முற்காலத் தாவர நூலார் இரண்டையும் 'பாசியா' என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். பங்காளி மரத்தின் வெண்ணெய் கப்பல் ஏறி வந்து உயர்ந்த விலைக்கு விற்கிறது. நம் இலுப்பை விதை பல ஊர்களில் மரத்தடியில் முளைத்துக் கிடக்கிறது. இரண்டும் அச்சு அசல் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. ஷியாவில் உறையும் கொழுப்பு அதிகம்; இலுப்பைக்கு வாடையும் மஞ்சள் நிறமும் அதிகம். சுத்திகரித்தால்தான் கிரீமுக்கு ஆகும். ஆனால் சரக்கு தரம் குறைந்தது என்று தள்ளுவதற்கு நியாயம் இல்லை.

பட்டர் புரூட்: சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் வரும்படிக்கும் நிற்கும் மரம். பழச் சதையிலேயே எண்ணெய் இருப்பது இதன் தனிச்சிறப்பு. அந்த எண்ணெய் வறண்ட தோலுக்கு ஏற்ற மென்மையூட்டியாக உலகெங்கும் விற்பனையாகிறது. நம் பக்கத்தில் பழமாகவே விற்றுப் போகிறது. அடிபட்டதும் கனிந்து போனதும் குப்பைக்குப் போகிறது.

காப்பிக் கொட்டை: வறுக்காத அரபிகா கொட்டையில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு எண்ணெய் உண்டு. 'கிரீன் காப்பி ஆயில்' என்ற பெயரில் கிரீம்களில் சேர்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் மலைக்கு வந்த பயிர், இரு நூற்றாண்டு கழித்து இப்படியும் ஒரு வேலை செய்கிறது.

தரகர் வேலை செய்யும் பொருள்

இனி எமல்சிபையர். ஒரு பாட்டிலில் பாதி தண்ணீரும் இரண்டு கரண்டி நல்லெண்ணெயும் விட்டுக் குலுக்குங்கள். சற்று நேரம் கலங்கி இருக்கும், பிறகு எண்ணெய் மேலே வந்துவிடும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் ஒரு தரகர் வேண்டும். எமல்சிபையர் என்ற பொருளின் ஒவ்வொரு அணுக்கூட்டத்திற்கும் இரண்டு முனை. ஒரு முனை எண்ணெயோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரோடு ஒட்டும். எண்ணெய்த் துளியைச் சுற்றி வேலி போல நின்று, துளியும் துளியும் சேராமல் தடுக்கும். அப்போது கலவை பால் போல வெளுப்பாகிறது. நல்ல தரகர் இருக்கும் வரை இரு கட்சியும் ஒன்றாக இருக்கும். தரகர் சரியில்லை என்றால் சரக்கு பிரிந்துவிடும்.

நம் வீட்டுப் பாலே இதற்கு உதாரணம். பாலில் தண்ணீருக்குள் கொழுப்புத் துளிகள் மிதக்கின்றன. பால் புரதம் அங்கே தரகர். கடைந்தால் நிலைமை தலைகீழாகி, கொழுப்புக்குள் தண்ணீர்த் துளிகள் அடங்கிய வெண்ணெய் திரள்கிறது. கிரீம்களிலும் இதே இரண்டு ஜாதிதான். தண்ணீருக்குள் எண்ணெய் என்றால் லோஷன், வானிஷிங் கிரீம். தடவினால் மறையும், பிசுக்கு இல்லை, சேலத்து வெயிலுக்கு ஏற்றது. எண்ணெய்க்குள் தண்ணீர் என்றால் கோல்ட் கிரீம் வகை. கனமாக நிற்கும், மலைப் பனிக்கு ஏற்றது. ஏற்காட்டுக் கடைக்கும் சேலத்துக் கடைக்கும் ஒரே சரக்கை அனுப்புவது சரியல்ல என்பதற்கு இதுவே காரணம்.

கோல்ட் கிரீம் என்ற பெயருக்கும் கதை உண்டு. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் மூன்றையும் சேர்த்துக் குழைத்தார் என்பார்கள். சரியான தரகர் இல்லாததால் தடவியதும் தண்ணீர் பிரிந்து ஆவியாகித் தோல் குளிர்ந்தது. அதனால் அந்தப் பெயர்.

நம் நாட்டில் 1919-இல் பம்பாயிலிருந்து வந்த ஆப்கான் ஸ்னோவைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கால ஸ்னோ வகைகளுக்குப் பொதுவான வழி ஒன்று உண்டு. ஸ்டியரிக் அமிலத்தை உருக்கி அதில் ஒரு பகுதியைக் காரத்தால் சோப்பாக்குவார்கள். அந்தச் சோப்பே மிச்சத்தையும் தண்ணீரையும் பிணைக்கும்.

எந்தத் தரகர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதற்குக் கணக்கு வைத்தவர் அமெரிக்காவின் கிரிஃபின். 1949-இல் எச்.எல்.பி. என்ற எண்ணை வகுத்தார். பூஜ்யம் முதல் 20 வரை. 3 முதல் 6 வரை உள்ளவை எண்ணெய்க்குள் தண்ணீரை நிறுத்தும். 8-க்கு மேல் உள்ளவை தண்ணீருக்குள் எண்ணெயை நிறுத்தும். கெமிக்கல் வியாபாரம் செய்யும் உறுப்பினர்கள் இந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். விலை குறைவு என்று வேறு எண் கொண்டதை மாற்றிக் கொடுத்தால் வாங்கியவரின் முழுத் தயாரிப்பும் பிரிந்து போகும்.

மலைச் சரக்கில் உள்ள தரகர்

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிக்கிறோம். தலையில் இருந்த எண்ணெய் தண்ணீரோடு வெள்ளையாகக் கரைந்து ஓடுகிறது. நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வரும் எமல்ஷன் அது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. அதன் ஒரு முனை சர்க்கரை போன்றது, தண்ணீரை விரும்பும். மறுமுனை எண்ணெயை விரும்பும். முன்சொன்ன பாட்டில் சோதனையில் ஒரு கரண்டி சீயக்காய்க் கஷாயத்தை வடிகட்டி விட்டுக் குலுக்கிப் பாருங்கள். நுரையோடு பால் நிறம் வரும். பிரிய வெகுநேரம் ஆகும்.

இலுப்பையில் இன்னும் விசேஷம். எண்ணெய் மென்மையூட்டி, அதே விதையின் புண்ணாக்கில் சப்போனின். அதனால்தான் இலுப்பைப் புண்ணாக்குப் பொடி தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் சரக்கானது. ஒரே விதையில் எண்ணெய் போடும் பொருளும் எண்ணெய் எடுக்கும் பொருளும்!

ஆனால் இங்கே எச்சரிக்கை தேவை. சப்போனின் சுத்தம் செய்யும் பொருள். தோலில் தங்கினால் இருக்கும் கொழுப்பையும் எடுத்து வறட்சி செய்யும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். 'சீயக்காய் மூலிகை, பூந்திக்கொட்டை மூலிகை, ஆகவே முகக் கிரீமில் சேர்க்கலாம்' என்று சிறு தயாரிப்பாளர்கள் சொல்வது சரியான வாதம் அல்ல. கழுவிவிடும் பொருளுக்கு உகந்தது வேறு, தங்க வைக்கும் பொருளுக்கு உகந்தது வேறு.

தோலில் தங்கும் கிரீம்களுக்கு உரிய தாவரத் தரகர்களில் முதன்மையானது லெசித்தின். 19-ஆம் நூற்றாண்டில் கோப்லி என்ற பிரெஞ்சு வேதியியலார் முட்டை மஞ்சள் கருவில் கண்டறிந்தார். மஞ்சள் கருவுக்கான கிரேக்கச் சொல்லையே பெயராக வைத்தார். இன்று சோயா எண்ணெய் சுத்திகரிக்கும்போது ஒதுங்கும் கசடிலிருந்து எடுக்கிறார்கள். சூரியகாந்தியிலும் உண்டு. சாக்லேட்டுக்கும் இதே லெசித்தின்தான். பேக்கரிக்காரர்கள் வாங்கும் கேக் ஜெல்லில் உள்ள ஜி.எம்.எஸ். என்பதும் கிரீம் தயாரிப்பில் அன்றாடம் பயன்படும் எமல்சிபையர். நம் உறுப்பினர் பலர் இதைத் தெரியாமலே விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

சேலத்துக்கே உரிய மரவள்ளி மாவையும் விட்டுவிட முடியாது. சாதாரண ஸ்டார்ச் தரகர் வேலை செய்யாது. தண்ணீரைக் கெட்டியாக்கித் துளிகளை நகர விடாமல் பிடிக்கும், அவ்வளவுதான். அதை ரசாயன முறையில் மாற்றி எண்ணெய் முனை ஒன்றை ஒட்டவைத்தால் எமல்சிபையராகிறது. இந்த முறை 1950-களிலேயே வந்துவிட்டது.

ஆமணக்கின் மறுபிறவிகள்

தாவர எண்ணெய் எப்படி வேறு சரக்காகிறது என்பதற்கு ஆமணக்கைவிட நல்ல பாடம் இல்லை. உலகில் ஆமணக்கு விளைச்சலில் இந்தியா முதலிடம். அதில் பெரும்பங்கு குஜராத். எண்ணெய் அங்கே பல பிறவி எடுக்கிறது.

ஹைட்ரஜன் ஏற்றினால் வெண்மையான கடின மெழுகாகிறது. 85 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல்தான் உருகும். லிப் பாம், குச்சி வடிவச் சரக்குகளுக்கு இது உறுதி தருகிறது. கந்தக அமிலத்தோடு சேர்த்தால் டர்க்கி ரெட் ஆயில். சேலம், ஈரோடு சாயப் பட்டறைக்காரர்களுக்கு டி.ஆர். ஆயில் என்றால் தெரியும். விளக்கெண்ணெய் தண்ணீரில் கலக்காது, டி.ஆர். ஆயில் தண்ணீரில் பாலாகக் கலக்கும். சோப்புக்குப் பிறகு மனிதன் செய்த முதல் சோப்பல்லாத கழுவு பொருட்களில் இதுவும் ஒன்று. சாயப் பட்டறைக்கு 19-ஆம் நூற்றாண்டில் வந்த சரக்கின் சுத்தமான வகை, குளியல் எண்ணெயாகவும் ஆனது.

மூன்றாவது பிறவி 'பெக்-40 ஹைட்ரஜனேட்டட் காஸ்டர் ஆயில்'. வாசனைத் தைலத்தைத் தண்ணீரில் தெளிவாகக் கரைக்கும் வல்லமை இதற்கு உண்டு. டோனர், மவுத்வாஷ் லேபிள்களில் அடிக்கடி காணலாம். இதில் எண்ணெய் முனை ஆமணக்கு. தண்ணீர் முனை எத்திலீன் ஆக்ஸைடு என்ற வாயுவிலிருந்து வருவது. அந்த வாயு பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது.

'தாவரப் பொருள்' என்ற சொல்

இங்கேதான் நாம் நாக்கை அடக்க வேண்டும். மேலே சொன்ன சரக்கைத் 'தாவர வழிப் பொருள்' என்று சொல்வது முழுப் பொய் அல்ல; பாதி உண்மை. 'சுத்தமாகச் செடியிலிருந்து' என்றால் அது பொய்.

சீட்டைல் ஆல்கஹால் என்று லேபிளில் காண்பீர்கள். ஆல்கஹால் என்றதும் சாராயம் என்று பயப்படும் வாடிக்கையாளர் உண்டு. அது வெள்ளை மெழுகு போன்ற கொழுப்பு. பெயரின் மூலச் சொல்லுக்குத் திமிங்கிலம் என்று பொருள். 1817-இல் முதலில் திமிங்கிலத் தலை மெழுகிலிருந்து எடுத்ததால் அந்தப் பெயர். திமிங்கில வேட்டைக்கு உலகத் தடை 1986-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று இது பெரும்பாலும் பாம் எண்ணெய், தேங்காய் எண்ணெயிலிருந்து வருகிறது. தாவரச் சரக்கு பிராணிச் சரக்கின் இடத்தைப் பிடித்ததற்கு இது நல்ல உதாரணம். ஆனால் அதுவும் தொழிற்சாலையில் பல படிகள் தாண்டி வந்ததே.

தொழிற்சாலை வழி வந்ததெல்லாம் கெடுதல் என்று அர்த்தமல்ல. சுத்திகரித்த சரக்கு பல நேரங்களில் பச்சைச் சரக்கைவிடத் தோலுக்குச் சாந்தமானது. விற்கும்போது எது எது என்று உள்ளபடி சொல்ல வேண்டும் என்பதே நம் வாதம்.

லேபிளைப் படிக்கும் முறை

நம் நாட்டில் அழகுசாதனப் பொருட்கள் 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2020 டிசம்பரில் இவற்றுக்கென்று தனி விதிகள் அறிவிக்கப்பட்டன. சேர்மானப் பட்டியலில் ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவு அதிகமானது முதலாக வரிசைப்படி எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றைப் பின்னால் எந்த வரிசையிலும் எழுதலாம்.

இதை வைத்து ஒரு சுலபமான சோதனை செய்யலாம். கிரீம்களில் கெடாமல் காக்கச் சேர்க்கும் ஃபினாக்ஸி எத்தனால் வழக்கமாக ஒரு சதவீதத்துக்கு மேல் போவதில்லை. டப்பாவின் முகப்பில் பெரிய எழுத்தில் ஏதோ ஒரு வெண்ணெயின் படம் இருந்து, பட்டியலில் அந்தப் பெயர் ஃபினாக்ஸி எத்தனாலுக்குப் பின்னால் வந்தால், அந்த வெண்ணெய் 100 கிராமில் ஒரு கிராம்கூட இருக்க வாய்ப்பில்லை. படத்துக்குத்தான் விலை. இந்த ஒரு சோதனையைக் கடைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

தண்ணீர் இருந்தால் பூஞ்சணம் உண்டு

நமக்குத் தெரிந்த மலைக்கடைக்காரர் ஒருவர், ஒரு சிறு தயாரிப்பாளரிடம் 'மருந்தே சேராத மூலிகைக் கிரீம்' ஒரு பெட்டி வாங்கினார். பங்குனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. சில டப்பாக்களில் எண்ணெய் மேலே ஆடை கட்டி நின்றது. சிலவற்றில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம். வாங்கிச் சென்ற ஒரு பெண்ணுக்கு முகத்தில் கொப்புளம். டப்பாவில் பேட்ச் எண் இல்லை, உரிமம் எண் இல்லை. தயாரித்தவர் "என் சரக்கே இல்லை" என்று கைவிரித்தார். மருத்துவச் செலவையும் வசைச் சொல்லையும் கடைக்காரர்தான் ஏற்றார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவர் நல்ல கம்பெனிக் கிரீமை வைத்தாலும் விற்கவில்லை.

இதில் இரண்டு குற்றம் இருக்கிறது. தரகர் பொருள் வெயில் தாங்கவில்லை. தண்ணீர் சேர்த்தும் காக்கும் மருந்து சேர்க்கவில்லை. தண்ணீர் உள்ள எந்தச் சரக்கிலும் கிருமி வளரும். மூலிகைக் கஷாயம் சேர்த்தால் இன்னும் வேகமாக வளரும். "மருந்து சேர்க்கவில்லை" என்பது தண்ணீர் கலந்த கிரீமில் பெருமை அல்ல, ஆபத்து.

மலைக் கிராமங்களில் மகளிர் குழுக்கள் கிரீம் செய்ய முன்வந்தால் அவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய யோசனை இதுதான்: முதலில் தண்ணீரே சேராத தைலமெழுகு வகையில் தொடங்குங்கள். எண்ணெய், வெண்ணெய், மெழுகு மூன்றும் உருக்கி ஊற்றியது. அதற்கு எமல்சிபையரும் வேண்டாம். ஈரக் கை படாமல் வைத்தால் பூஞ்சணப் பயமும் குறைவு. உதட்டு வெடிப்புக்கும் குதிகால் வெடிப்புக்கும் மலைப் பனியில் இதற்கே கிராக்கி. ஆனால் எதைச் செய்து விற்றாலும் உரிமம் வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

கொள்முதல் செய்வோர் கவனத்திற்கு

1. இலுப்பை விதை மழை தொடங்கும் பருவத்தில் விழுகிறது. ஈரத்தோடு மூட்டை கட்டினால் உள்ளே சூடேறிப் புளிக்கும். எண்ணெயில் அமிலம் ஏறும். சிக்கு வாடை வரும். அந்த எண்ணெய் சோப்புக்கு மட்டுமே ஆகும். பொறுக்கி வருபவருக்கு உலர்ந்த பருப்புக்குத் தனி விலை, ஈர விதைக்குத் தனி விலை என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தால்தான் உலர்த்துவார். உலர்த்திய உழைப்புக்குக் காசு தராமல் தரம் கேட்பது நியாயமல்ல.

2. காட்டுச் சரக்கைச் சேகரித்து விற்கும் உரிமை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி அங்கு வாழும் மக்களுக்கு உண்டு. 2013-14-இல் தொடங்கிய குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டத்தில் இலுப்பை விதை, புங்கம் விதை, புளி, கடுக்காய் ஆகியவை முதல் பட்டியலிலேயே இடம்பெற்றன. அந்த விலையைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். மலைவாழ் மக்களின் லேம்ப் கூட்டுறவுச் சங்கம் இருக்கும் இடத்தில் அதன் வழி கொள்முதல் செய்வது நமக்கும் பாதுகாப்பு.

3. எண்ணெய் வாங்கும்போது அமில மதிப்பு, பெராக்ஸைடு மதிப்பு இரண்டும் எழுதிய சோதனைச் சீட்டைக் கேளுங்கள். முதலாவது விதை எப்படி இருந்தது என்று சொல்லும்; இரண்டாவது எண்ணெய் எவ்வளவு காறத் தொடங்கிவிட்டது என்று சொல்லும்.

4. கிரீம் வாங்கும்போது தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிமம் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் வேண்டாம். எந்தக் கிரீமும் செய்து விற்க உரிமம் தேவை. ஆயுர்வேத, சித்த வகைகளுக்கும் அவற்றுக்குரிய உரிமம் தனியாக உண்டு.

5. பில்லைப் பத்திரப்படுத்துங்கள். சட்டத்தின் 18-அ பிரிவுப்படி ஆய்வாளர் கேட்டால், சரக்கை யாரிடம் வாங்கினோம் என்பதைச் சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள். பில் இருந்தால் ஒரே பதிலில் முடியும்.

6. கிரீம், லோஷன் பெட்டிகளைக் கூரை ஓரத்திலும் வெயில் படும் கண்ணாடி அலமாரியிலும் வைக்காதீர்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் நல்ல எமல்ஷனும் தளரும். புதுத் தயாரிப்பாளரிடம் வாங்கும்போது இரண்டு டப்பாவை வெப்பமான இடத்தில் ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய ஆர்டர் கொடுங்கள்.

7. எந்தத் தாவரப் பொருளும் யாரோ ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். புதிதாக வாங்குபவரிடம் முதலில் முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போடச் சொல்லுங்கள். இந்த வார்த்தை விற்பனையைக் குறைக்காது. கடை மேல் நம்பிக்கையைக் கூட்டும்.

நம் மாவட்டத்தில் ஆமணக்கு உண்டு, மரவள்ளி உண்டு, அடிவாரத்தில் இலுப்பை உண்டு, மேலே காப்பியும் பட்டர் புரூட்டும் சீயக்காயும் உண்டு. எண்ணெயும் இங்கே, அதைப் பிணைக்கும் பொருளுக்கு மூலமும் இங்கே. இல்லாதது இரண்டு: விதையை உலர்த்தித் தரம் பிரிக்கும் ஒழுங்கு, சுத்திகரிக்கும் வசதி. இரண்டாவதற்கு முதலீடு வேண்டும். முதலாவதற்கு மொத்த வியாபாரிகளாகிய நம் வாக்குறுதியும் நியாயமான விலையும் போதும். அதை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம். மாரமங்கலத்தில் ஒருவர் உலர்த்திக் கொண்டுவரும் ஒரு மூட்டைக்குச் சரியான விலை கிடைத்தது என்று தெரிந்தால், அடுத்த வாரம் பத்து மூட்டை உலர்ந்தே வரும்.